முதல் வாசிப்பு

உச்சிமாகாளிக்கு ஒன்றாம் நிலை என்று திரையில் வந்ததும், கருவிதான் கெட்டுவிட்டது என்று வாசிப்பு அளவை மையத்து ஆவுடையப்பன் நினைத்தான். அவள் நெற்றியில் மாட்டியிருந்த பட்டையைக் கழற்றினான். கண்ணுக்கு மேலே வருகிற சின்ன வில்லையைச் சட்டை நுனியால் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, வேறொரு பத்தியைக் கொடுத்தான். அதற்கும் ஒன்று.

ஒன்று என்றால் பஸ் போர்டு வாசிக்கலாம், தன் பெயரை எழுதலாம், அதற்கு மேல் ஒரு பத்தியைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகத் தட்டுத் தடுமாறும் என்று அர்த்தம். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான், வெளியே பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேருக்கு, சுவரில் ஒட்டியிருந்த அரசு அறிவிப்பை இந்த அம்மாள் கடகடவென்று வாசித்துக் காட்டியதை அவன் உள்ளேயிருந்து கேட்டிருந்தான். வாசித்ததோடு விடவில்லை. "மேல்முறையீடு பண்ணலாமாம். ஆனா அந்த மனு நாலாம் நிலை பாரமாம். ஒருத்தருக்கு ஒண்ணாம் நிலைன்னு போட்டது தப்புன்னு சொல்லதுக்கே நாலாம் நிலை வேணுமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்று வருஷமாக அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

"என்ன சார், மறுபடியும் ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க்கா."

"அந்தச் சனியன உங்க தலையில மாட்டிப் பாருங்க. கோளாறு அதுலயா எனக்கான்னு தெரிஞ்சிரும்."

அவன் மாட்டிப் பார்த்தான். ஐந்து வந்தது. கருவியில் கோளாறு இல்லை.

உச்சிமாகாளிக்கு வயது ஐம்பத்தொன்று. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். மகள் லோகேஸ்வரிக்கு இருபத்து மூன்று வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தகப்பன் இல்லை. தாயுடைய சிறுநீரகம் பொருந்துகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொடுக்கிறவளும் தயார், வாங்குகிறவளும் தயார். நடுவில் நின்றது சட்டம். உடல் உறுப்பு கொடுக்கிற ஒப்புதல் பத்திரம் நான்காம் நிலை ஆவணம். நான்காம் நிலை வாசிப்பு இல்லாதவர் போட்ட கையெழுத்து செல்லாது. நிலம், வீடு என்றால் நிலை குறைந்தவருக்காக வேறொருவர் வாசித்துக் கையெழுத்துப் போடலாம். உடம்புக்கு அப்படிப் போட முடியாது.

"இந்தச் சட்டமே உங்கள மாதிரி ஆளுகளுக்காக வந்ததுதான்க்கா" என்றான் ஆவுடையப்பன். "ஆஸ்பத்திரியில சேக்குற பாரம்னு சொல்லி, கிட்னிய எழுதி வாங்கிட்டான் ஒரு புரோக்கர். நூத்திச் சொச்சம் பேர்ட்ட. கேஸுன்னு வந்தப்போ, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களேன்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான், வாசிச்சு வெளங்காம போட்ட கையெழுத்து செல்லாதுன்னு கொண்டு வந்தாங்க."

"நல்ல சட்டம்தான சார். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? எனக்கு வெளங்குதான்னு என்ட்டயே கேட்டுப் பாருங்க. அத விட்டுட்டு நெத்தியில பட்டையக் கட்டுனா?"

"முதல்ல கேள்வி கேட்டுத்தான் பாத்தாங்க. புரோக்கர் பதிலச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்துட்டான். அதனாலதான் கண்ண அளக்காங்க. வாசிக்கிறவன் கண்ணு ஒரு மாதிரி போகும். வாசிக்காதவன் கண்ணு வேற மாதிரி போகும். வாய் பொய் சொல்லும், கண்ணு சொல்லாதுன்னு."

"அப்ப என் கண்ணு என்ன சொல்லுது?"

அவன் பதிவை ஓட்டிப் பார்த்தான். அவள் பார்வை போன பாதை திரையில் சிவப்புக் கோடாக ஓடியது. மூன்று சொல் போகிறது, பக்கத்தை விட்டுக் கீழே விழுகிறது. ஒரு வினாடி கழித்து மேலே வருகிறது, நாலு சொல் போகிறது, மறுபடி விழுகிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு தடவை.

"கீழ என்னத்தக்கா பாக்கீய?"

"கீழயா? நான் ஒண்ணும் பாக்கலயே."

அவள் அப்படிச் சொன்னபோதே அவளுடைய கைகள் மடியில் இருந்ததை அவன் கவனித்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கவில்லை. இல்லாத இலையை உருட்டிக்கொண்டிருந்தன.

கேட்டதும் சொன்னாள். ஒரு வீட்டில் ஆறேழு பொம்பளைகள் சேர்ந்து உட்கார்ந்துதான் பீடி சுற்றுவார்கள். அதில் ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை, கோர்ட்டுச் செய்தி, ஜோசியம், மகளிர் குழுவுக்கு வந்த கடுதாசி எல்லாமும் வரும். வாசிக்கிறவள் என்பதற்காக அவளுக்குச் சுற்று குறையாது. இலையும் தூளும் வைத்த சுளகு மடியில் இருக்கும், தாள் எதிரே செங்கலில் சாய்ந்திருக்கும். அரை வரியைக் கண்ணால் அள்ளிக்கொண்டு, இலையைப் பார்த்து உருட்டிக்கொண்டே வாயால் சொல்லி, மறுபடி நிமிர்ந்து அடுத்த அரை வரியை அள்ள வேண்டும். முப்பது வருஷமாக அந்த வீட்டில் வாசிக்கிறவள் உச்சிமாகாளிதான்.

"அள்ளுனத வாயால சொல்லுறப்பதான் சார் எனக்கு மண்டையில ஏறும். கண்ண அங்ஙனயே வச்சிக்கிட்டு இருந்தா ஒண்ணும் ஏறாது."

ஆவுடையப்பன் அன்று சாயங்காலமே மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டான். அங்கே ஜெபமணி என்று ஒரு பெண் அதிகாரி. கடுமையான ஆள் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுது ஆவுடையப்பன். நாப்பதாயிரம் பேரோட கண்ண வச்சுத்தான் இந்த அளவையே செஞ்சிருக்காங்க. அதுல பீடி சுத்திக்கிட்டே வாசிக்கிறவங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க."

"ஆமா மேடம். எல்லாரும் மேசையில உக்காந்து வாசிச்சவங்க. அதான் சொல்லுதேன். இந்த அம்மாவுக்கு நல்லா வாசிக்க வரும். நானே காதால கேட்டேன்."

"அளவையில ரெண்டு சதவீதம் பிழை வரலாம்னு சட்டத்துலயே ஒத்துக்கிட்டிருக்காங்க. அந்த அம்மா அந்த ரெண்டு சதவீதத்துல வர்றாங்க."

"சரி மேடம், அந்த ரெண்டு சதவீதம் என்ன பண்ணணும்?"

"அதுக்கு ஒண்ணும் எழுதலயே" என்றார் ஜெபமணி. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒன்றும் எழுதப்படவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்தது சட்டப்படி குற்றம். அவனுக்கே அது தெரியும். செய்தான்.

உச்சிமாகாளியைத் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச்சொன்னான். பழைய பைல்கள் அடுக்கியிருந்த பின்னறையில் உட்காரவைத்து, ஐந்தாம் நிலைக்காரர்களின் கண் போகிற பாதையைத் திரையில் காட்டினான். ஒரு வரிக்கு மூன்று நிறுத்தம். நீளமான சொல் வந்தால் நிறுத்தம் கொஞ்சம் அதிகம். நாலு வரிக்கு ஒரு தடவை, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும். பக்கத்தை விட்டுக் கண் இறங்கவே கூடாது.

"இது கோலம் போடுத மாதிரில்லா இருக்கு."

"அப்பிடியே வச்சுக்கோங்க."

முதல் வாரம் தலைவலியில் அவளுக்கு வாந்தியே வந்துவிட்டது. இரண்டாவது வாரம் கையை மடியிலிருந்து எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தாள். எண்ணிக்கையில் அவள் கெட்டி. இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு என்று பார்க்காமலே எண்ணுகிற விரல் அது. வரிக்கு மூன்று, நாலாவது வரிக்கு ஒரு திரும்பல் என்பது அவளுக்குப் பழகிவிட்டது.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மகள் லோகாவும் கூட வருவாள். இடது கையில் ஊசி போட்டுப் போட்டு வீங்கிய நரம்பைத் துப்பட்டாவால் மூடியபடி மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

"யம்மா, நீ வாசிக்கியா, இல்ல ஆடு மேய்க்கியா? கண்ணு அந்தக் கடைசிக்குப் போய்ப் போய்த் திரும்புது."

"ஏட்டி, ஒனக்குத்தான மேய்க்கேன். வாய மூடிட்டு இரி."

"வாய மூடித்தான இருக்கேன். தண்ணி கூட ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருதான் தாராவ."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தப் பின்னறையில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று ஆவுடையப்பன் பிற்பாடு நினைத்துக்கொள்வான்.

இருபத்தாறாவது நாள் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. நான்காம் நிலை. சான்றிதழ் வந்துவிட்டது. உச்சிமாகாளி பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சார், ஒண்ணு சொல்லட்டா? அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கண்ண அந்தப் பாதையில ஓட்டுதப்போ, எழுத்து எல்லாம் தெரியுது. அர்த்தம் நிக்க மாட்டேங்குது."

"பரவால்லக்கா. பச்ச எரிஞ்சா போதும்."

இந்த வாக்கியத்தை அவன் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறான். சொல்லும்போது அவனுக்கு அது கருணையாகத்தான் இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், கருவியை எடுத்துக்கொண்டு அவனே ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒப்புதல் பத்திரம் பதினொரு பக்கம். அதைத் திரையில்தான் காட்டுவார்கள், கையில் கொடுப்பதில்லை. பட்டையை மாட்டிய பிறகுதான் திரை திறக்கும். முதல் வாசிப்பு மட்டுமே கணக்கு. முன்கூட்டியே யாராவது வாசித்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அளக்கிறவன்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. அது நோயாளியின் அந்தரங்கம். அவன் பார்க்க வேண்டியது விளக்கை மட்டும்.

பட்டையை மாட்டுகிறபோது உச்சிமாகாளி அவன் கையைப் பிடித்தாள்.

"சார், இத மட்டும் என் மாதிரி வாசிச்சுக்கிடட்டா? பெரிய பத்திரமா இருக்கு. மெதுவா, வாயால சொல்லி."

"வேண்டாம்க்கா. மையத்துல மாதிரி இல்ல, பத்திரத்துல சிவப்பு எரிஞ்சிருச்சுன்னா ஆறு மாசத்துக்கு மறுபடி உக்கார முடியாது."

லோகாவுக்கு ஆறு மாசம் இல்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். உச்சிமாகாளி கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பதினொரு பக்கமும் கண்ணை நடத்தினாள். பச்சை அணையவே இல்லை. முடிவில் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். திரை மூடிக்கொண்டது. நகல், வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் கொடுப்போம் என்றார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாயை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்பது மணிக்கு மகளைத் தயார்செய்யும்போது உடம்பு சுட்டது. ரத்தத்தில் கிருமி இருந்தது. அந்த உடம்பில் புது உறுப்பை வைத்தால் ஆளே போய்விடும் என்று டாக்டர்கள் சொன்னது சரிதான். அதற்குள் தாயின் வயிற்றிலிருந்து எடுத்தாகிவிட்டது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, நெடுநேரம் வைத்திருக்கவும் முடியாது. வரிசையில் முதலாவதாக இருந்த யாரோ ஒருவருக்கு, ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து உச்சிமாகாளி கேட்டது ஒரே கேள்வி. "புள்ளைக்கு வச்சாச்சா?"

நாலு நாள் கழித்து, காய்ச்சல் இறங்கியதும் லோகாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"யம்மா, பத்திரத்துல அப்பிடி ஆனா வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்னு போட்டிருக்காம்லா. நீ வாசிச்சுத்தான போட்ட? ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுதவ, இத வாசிக்கலயா?"

தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ஆத்திரத்தில் லோகா மண்டல அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டாள். என் அம்மாவுக்கு விளங்காமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று.

ஒன்றரை மாதம் கழித்து, உச்சிமாகாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி அளவை மையத்துக்கு வந்தாள். கையில் பத்திர நகல். ஆவுடையப்பன் எழுந்து நின்றான். அவளே உட்கார்ந்து, தாளை மைக்கூட்டில் சாய்த்து வைத்தாள். நிமிர்ந்து, குனிந்து, நிமிர்ந்து, அவளுடைய வாசிப்பை வாசித்தாள்.

"பிரிவு பதினேழு. பெறுபவர் அறுவைக்குத் தகுதியற்றவர் எனக் கண்டறியப்பட்டால், எடுக்கப்பட்ட உறுப்பு வரிசையில் உள்ள அடுத்தவருக்கு வழங்கப்படும். பெறுபவரின் இறுதிப் பரிசோதனை முடிந்த பிறகே தம் அறுவையைத் தொடங்க வேண்டும் என விரும்பும் கொடையாளர், கீழுள்ள கட்டத்தைத் தொடவும்."

நிறுத்தினாள்.

"ஒரு கட்டம் சார். தொட்டிருக்கணும். புள்ளைக்குப் பாத்து முடிச்சிட்டு என்ன அறுங்கன்னு. நான் என் மாதிரி வாசிச்சிருந்தா, பத்தாவது படிக்கிற புள்ளகூடச் சொல்லிரும், அதத் தொடணும்னு."

"அக்கா, நான் விசாரணையில சொல்லிருதேன். கண்ண எப்பிடி ஓட்டணும்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்னோடதுன்னு. வேல போனா போகட்டும். செயில்ல போட்டாலும் போடட்டும்."

"அடுத்த பக்கத்தப் பாருங்க" என்றாள். அவனிடம் கொடுக்காமல் அவளே வாசித்தாள். "பிரிவு இருபத்திரெண்டு. பதினேழாம் பிரிவின்படி உறுப்பு வேறொருவருக்கு வழங்கப்பட்டால், பெறுபவருக்கு முன்னுரிமை வரிசையில் இடம் அளிக்கப்படும். கொடையாளரின் ஒப்புதல் செல்லாது எனப் பின்னர் அறியப்பட்டால் அந்த இடம் ரத்தாகும்."

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"லோகாவுக்கு நாப்பத்தொண்ணாவது இடம் கொடுத்திருக்காவ. எனக்கு வெளங்கலன்னு நீங்க சொன்னீயன்னா அதும் போச்சு. எங்கிட்ட இனி கொடுக்கதுக்கு ஒண்ணுதான் இருக்கு, அத எடுக்க மாட்டாவ." அவள் குரல் உயரவில்லை. "உங்க மனசு ஆறுததுக்கு எம் புள்ள எடத்தக் கொடுக்கணுமா சார்?"

"நாப்பத்தொண்ணுன்னா எவ்வளவு நாளாகும்க்கா?"

"வருசத்துக்கு அஞ்சு பேரு, ஆறு பேரு போறாவளாம். கணக்குப் போட்டுப் பாத்துக்கோங்க. நான் போட்டாச்சு."

அவனும் போட்டுப் பார்த்தான்.

"அந்தப் புகார் மனுவத் திருப்பி வாங்க முடியாதான்னு கேட்டேன். முடியாதாம். விசாரிச்சே ஆகணுமாம். நான் வந்து சொல்லுதேன். நீங்க வாயத் தொறக்காம இருங்க. அது போதும்."

விசாரணை அடுத்த வியாழக்கிழமை, அவனுடைய மையத்திலேயே நடந்தது. ஜெபமணி கனிவாகவே பேசினார். உச்சிமாகாளிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒப்புதல் நாளின் கண் பதிவைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்.

"உங்க பொண்ணு, அம்மாவுக்கு வெளங்கலன்னு எழுதியிருக்காங்க. நான் உங்ககிட்டயே கேக்குறேன்மா. பதினேழாவது பிரிவ வாசிச்சீங்களா?"

"வாசிச்சேம்மா."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"கட்டத்தத் தொடல. தெரிஞ்சுதான் தொடாம விட்டீங்களா?"

உச்சிமாகாளி கொஞ்ச நேரம் சுவரில் ஓடிய சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பதினேழாவது பிரிவில் அவள் கண் பின்னால் போய்த் திரும்பியிருந்தது. நாலாவது வரி அங்கேதான் விழுந்திருந்தது.

"தெரிஞ்சுதான்மா. யாருக்காவது ஆகட்டும்னு விட்டேன்."

லோகா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "பொய்யி. யம்மா, எதுக்குப் பொய் சொல்லுத?"

"நீ இரிட்டி."

"சார், நீங்க சொல்லுங்க. நீங்கதான சார் கூடவே இருந்தீய?"

ஆவுடையப்பன் ஜெபமணியைப் பார்த்தான். பிறகு உச்சிமாகாளியைப் பார்த்தான். "பச்ச விளக்கு அணையவே இல்ல மேடம்" என்றான். அது மட்டும் பொய் இல்லை.

ஜெபமணி சுவரைக் காட்டினார். "பாரும்மா லோகேஸ்வரி. இந்த இடத்த உங்கம்மா திரும்பி வாசிச்சிருக்காங்க. காலேஜ் படிச்சவங்ககிட்ட கூட இப்படி ஒரு பதிவு நான் பாத்ததில்ல." நிஜமாகவே பாராட்டினார்.

லோகா துப்பட்டாவை இழுத்துக் கையை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

உச்சிமாகாளி சொன்னதை வாக்குமூலமாகக் கருவியே தயாரித்தது. இரண்டு பக்கம் வந்தது. அதுவும் நான்காம் நிலை ஆவணம். ஆவுடையப்பன் பட்டையை எடுத்து அவள் நெற்றியில் மாட்டினான். திரை திறந்தது. அவள் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். வரிக்கு மூன்று, நாலாவது வரிக்கு ஒரு திரும்பல். பச்சை. கையெழுத்து. திரை மூடிக்கொண்டது. ஜெபமணி கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மாடிப்படி இறங்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆவுடையப்பன் கூடவே இறங்கினான். கீழே லோகா முதுகைக் காட்டி நின்று பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படியில் உச்சிமாகாளி மூச்சு வாங்க நின்றாள்.

"சார்."

"சொல்லுங்கக்கா."

"இப்பப் போட்டேன்லா கையெழுத்து. அதுல என்ன சார் எழுதியிருந்துச்சு?"

அவனுக்குத் தெரியாது. அவன் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகல் தபால்ல வரும்க்கா" என்றான். "பதினஞ்சு நாள் ஆகும்."